தீவில் பழைய குடும்ப மோட்டார் வண்டியை மதிப்பிடும் முறை

அந்தமான் தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேர் 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதன் வட எல்லையில், ஒரு சிறு பாலத்தால் நகருடன் இணைக்கப்பட்டிருப்பது சாத்தம் தீவு. 1789-ஆம் ஆண்டில் ஆர்ச்சிபால்டு பிளேர் தமது முதற் குடியேற்றத்தை நிறுவியது இத்தீவில்தான். 1883-ஆம் ஆண்டில் இங்கு நிறுவப்பட்ட மர அறுப்பு ஆலை இந்நாட்டின் பழைய ஆலைகளுள் ஒன்று. ஆலையை அடுத்த படகுத் துறையிலிருந்து எதிர்க்கரையிலுள்ள பம்பூ பிளாட்டுக்கு மனிதர்களையும் மோட்டார் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு படகுகள் செல்கின்றன.

இத்துறையில் படகுக்காகக் காத்து நிற்கும் வண்டிகளுள் மூன்று வரிசை இருக்கைகள் கொண்ட குடும்ப வண்டிகள் பல உண்டு. பெற்றோர், குழந்தைகள், முதியோர் ஆகிய எழுவரும் மூட்டை முடிச்சுகளும் ஒன்றாகச் செல்ல வேண்டிய குடும்பத்திற்கு அவ்வண்டி ஏற்றது. ஆயினும் புது வண்டியின் விலை மாதச் சம்பளக்காரருக்கு எளிதில் எட்டுவதன்று. ஆகவே மாற்றலாகித் தீவை விட்டுச் செல்வோர் விற்கும் பழைய வண்டியையோ, சென்னையிலிருந்து கப்பலில் வந்த பழைய வண்டியையோ வாங்குவது இங்கு வழக்கம். பல ஆண்டுச் சேமிப்பு ஒரே நாளில் கைமாறும் இச்செயலில், எதைப் பார்த்து வண்டியை மதிப்பிடுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பெருநிலத்தில் பழைய வண்டி வாங்குவோர் இரண்டு எண்களை முதலில் கேட்பர்: எந்த ஆண்டின் வண்டி? எத்தனை கிலோமீட்டர் ஓடியது? தீவில் இவ்விரு எண்களும் வாங்குவோரை ஏமாற்றிவிடக் கூடும். இங்கு வண்டியின் வயதைப் பெரிதும் நிர்ணயிப்பது ஓடிய தூரமன்று. உப்பும் ஈரமுமே ஆகும். இதன் காரணத்தை அறிந்தவர் எங்கே பார்க்க வேண்டும் என்பதையும் தாமே அறிவர்.

வண்டியின் அமைப்பு

மூன்று வரிசை வண்டிகள் அமைப்பால் இரு வகைப்படும். முதல் வகையில், ஏணி போன்ற கனத்த எஃகுச் சட்டம் ஒன்று அடியில் இருக்கும். இயந்திரமும் சக்கரங்களும் அச்சட்டத்தில் பொருத்தப்படும். உடற்கூடு அதன்மேல் தனியே வைக்கப்பட்டு ஆணிகளால் முடுக்கப்படும். 2005-இல் இந்தியாவிற்கு வந்த டொயோட்டா இன்னோவா இவ்வகையினது.

இரண்டாம் வகையில் தனிச் சட்டம் இல்லை. மெல்லிய எஃகுத் தகடுகளை மடித்துப் பெட்டிகளாக்கி, புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து உருவாக்கிய உடற்கூடே எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. வெளித்தோற்றத்தில் ஜீப்பைப் போல் உயர்ந்தும், உள்ளமைப்பில் காரைப் போல் இலேசாகவும் இருப்பவற்றை ‘கிராஸ்ஓவர்’ என்று வழங்குவர். 2011-இல் வெளிவந்த மஹிந்திரா எக்ஸ்யூவி 500, 2012-இல் வெளிவந்த மாருதி எர்டிகா, 2022-இல் வெளிவந்த கியா கேரன்ஸ் ஆகியவை இவ்வாறு உடற்கூடே சட்டமாக அமைந்தவை.

இவ்வேறுபாடு வாங்குவோருக்கு முக்கியமானது. ஏணிச் சட்டமுள்ள வண்டியில் ஒரு தகடு துருப்பிடித்தால் அத்தகட்டை வெட்டி மாற்றிவிடலாம். சட்டம் உறுதியாக உள்ளவரை வண்டி நிற்கும். உடற்கூடே சட்டமாக உள்ள வண்டியில் அடித்தகடு துருப்பிடித்தால் வண்டியின் முதுகெலும்பே அரிக்கப்படுகிறது என்று பொருள். மோதல் நேரும்போது பயணிகளைக் காக்க வேண்டிய வலிமையும் அத்துடன் குறைகிறது.

உப்பும் ஈரமும் இரும்பும்

மழைக்காலத்தில் சமையலறை உப்புச் சாடியில் உப்புக் கசிந்து நீராவதை இல்லத்தரசிகள் யாவரும் அறிவர். காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால், தூய சோடியம் குளோரைடு காற்றிலுள்ள நீராவியை ஈர்த்துத் தானே கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ அதனினும் மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே நீரை ஈர்க்கும்.

ஒரு கிலோ கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் மிதந்து வந்து வண்டியின் அடிப்பாகத்தில் படிகின்றன. அந்தமானில் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளும் மழை தருகின்றன. ஆண்டு மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 70 முதல் 90 சதவீதம் வரை நிற்கிறது. எனவே இங்கே இரும்பின்மீது படிந்த உப்புப் படலம் முழுதும் உலர்வது அரிது. மழையற்ற நாளிலும், வண்டி நிழலில் சும்மா நிற்கும்போதும், அப்படலம் ஈரமாகவே இருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

அவ்வேலை ஒரு மின் இரசாயன மாறுதல். இரும்பின் ஓரிடத்தில் இரும்பு அயனிகள் நீரில் கரைகின்றன. அங்கு விடுபட்ட எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே மற்றோரிடத்திற்குச் சென்று, நீரிலும் ஆக்ஸிஜனிலும் செயற்பட்டுக் காரத்தை உண்டாக்குகின்றன. இவ்விரண்டும் சேர்ந்து இரும்பு ஹைட்ராக்ஸைடாகிப் பின்னர்த் துருவாகிறது. உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் இம்மாறுதல் விரைவாக நிகழ்கிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பன்மடங்கு பருமன் உடையது. ஆகவே அது மேலுள்ள பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்கி உடைக்கிறது. உடைந்த வழியே மேலும் நீர் புகுகிறது.

இதன் வேகத்தை ஒரு தோராயக் கணக்கால் உணரலாம். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் 9223-ஆம் தரத்தின்படி, நடுத்தர அரிப்புள்ள காற்றில் பூச்சில்லாத எஃகு முதல் ஆண்டில் 25 முதல் 50 மைக்ரான் வரை தேயும். மிகக் கடுமையான கடற்காற்றில் 80 முதல் 200 மைக்ரான் வரை தேயும். மோட்டார் வண்டியின் உடற்தகடு சுமார் 700 முதல் 800 மைக்ரான் கனமே உடையது. பூச்சும் துத்தநாக முலாமும் உள்ளவரை தகடு காக்கப்படுகிறது. அவை பழுதான இடத்தில் தகட்டின் ஆயுளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நம் நாட்டில் இத்துறை ஆராய்ச்சியில் முதன்மையானது 1953-இல் திறக்கப்பெற்ற காரைக்குடி மத்திய மின் இரசாயன ஆராய்ச்சி நிலையம். கடற்காற்றில் உலோகங்கள் அரிக்கப்படுவதை ஆராய, மண்டபத்தில் அதற்கு ஒரு சோதனை நிலையமும் உண்டு.

வகுப்பறைச் சோதனை

துரு எங்கே ஆழமாக அரிக்கும் என்பதை மாணவர்க்குக் காட்ட எளிய சோதனை ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூ. ஆர். எவான்ஸ் என்பவர் 1920-களில் செய்த சோதனை அது. உப்புக் காகிதத்தால் நன்கு தேய்த்துத் துலக்கிய ஓர் இரும்புத் தகட்டை எடுத்துக்கொள்க. உப்பு நீரில் சிறிதளவு பொட்டாசியம் பெர்ரிசயனைடும் சில துளி பினாப்தலீனும் சேர்த்து, அக்கரைசலில் ஒரு பெரிய துளியைத் தகட்டின்மீது இடுக. சிறிது நேரத்தில் துளியின் நடுவில் நீல நிறமும், விளிம்பில் இளஞ்சிவப்பு நிறமும் தோன்றும். பின்னர் இரண்டிற்கும் இடையே பழுப்பு வளையமாகத் துரு படியும். இச்சோதனையை ஆசிரியரே செய்து காட்டுதல் வேண்டும். கரைசலைச் சூடேற்றவோ அமிலத்துடன் கலக்கவோ கூடாது.

நீலம், இரும்பு கரையும் இடத்தைக் காட்டுகிறது. இளஞ்சிவப்பு, ஆக்ஸிஜன் செயற்பட்டுக் காரம் உண்டாகும் இடத்தைக் காட்டுகிறது. காற்று எளிதில் எட்டும் விளிம்பு பாதுகாக்கப்படுகிறது. காற்று எட்டாத நடுப்பகுதியே அரிக்கப்படுகிறது. துருவின் நிறம் கண்ணுக்குத் தெரியும் இடம் வேறு. இரும்பு குறையும் இடம் வேறு.

பழைய வண்டியை மதிப்பிடுவதற்கான முதல் விதி இதிலிருந்தே பிறக்கிறது. வெளிப்படையாகத் தெரியும் தகடுகளைவிட, சேறு அப்பிய மூலைகளும், இரண்டு தகடுகள் சேரும் மடிப்புகளும், ரப்பர்ப் பட்டைகளின் உட்புறமும், காற்றுப் புகாத பெட்டி அறைகளுமே விரைவில் அழிகின்றன. பளபளக்கும் கதவைப் பார்த்து மகிழ்வது துளியின் விளிம்பை மட்டும் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

அடிப்பாகத்தை முதலில் நோக்குக

மரம் அறிந்தவர்கள் ஒரு கட்டையைப் பட்டையின் அழகால் மதிப்பதில்லை. முனையைப் பார்ப்பர், தட்டி ஓசை கேட்பர், உள்ளே பொள்ளல் இருந்தால் ஓசையே காட்டிக்கொடுக்கும். வண்டியையும் அவ்வாறே நோக்குதல் வேண்டும்.

வண்டியைப் பட்டறையில் தூக்குமேடையின்மீதோ, குழியின்மீதோ நிறுத்தி, டார்ச் விளக்குடன் கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். ஜாக்கியால் மட்டும் தூக்கிய வண்டியின் அடியில் எவரும் நுழைதல் கூடாது. பார்க்க வேண்டிய இடங்கள் பின்வருமாறு:

1. முன் கதவிலிருந்து பின் கதவு வரை கதவுகளின் கீழே நெடுக ஓடும் பெட்டி விளிம்பு. உடற்கூட்டின் வலிமையில் பெரும்பங்கு இதனுடையது. இதன் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. சேற்றால் அடைபட்டிருந்தால் உள்ளே நீர் தேங்கியிருக்கும்.

2. பின் சக்கரங்களின் மட்கார்டு வளைவும், ஷாக் அப்சார்பர் பொருத்தப்பட்டுள்ள மேல் இடமும்.

3. பிரேக் குழாய்கள். இவை மெல்லிய எஃகுக் குழாய்கள். பிடிகளின் உட்புறத்தில் துருப்பிடித்து, அழுத்தமாகப் பிரேக்கை மிதிக்கும்போது வெடிக்கக் கூடும்.

4. சைலன்சரும் அதன் இணைப்புகளும். வெப்பமும் ஈரமும் மாறி மாறித் தாக்குவதால் இவை முதலில் அழியும், ஆயினும் மாற்றத்தக்கவை.

5. முன்புறம் ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குச் சட்டம்.

6. கதவுகள், டிக்கிக் கதவு ஆகியவற்றின் கீழ் விளிம்பு.

காணும் துருவை மூன்று தரமாகப் பிரிப்பது நலம். கையால் தேய்த்தால் பொடியாக வந்து, அடியில் உறுதியான இரும்பு தெரிந்தால் முதல் தரம், இது அஞ்சத்தக்கதன்று. செதில் செதிலாகப் பெயர்ந்து, தகடு மெலிந்திருந்தால் இரண்டாம் தரம். விலையைக் குறைத்து, உடனே பழுதுபார்க்க வேண்டியது. திருப்புளியின் கைப்பிடியால் தட்டும்போது கணீரென ஒலிக்காமல் பொத்தென ஒலித்தாலோ, தகடு உள்வாங்கினாலோ, துளை தெரிந்தாலோ மூன்றாம் தரம். பெட்டி விளிம்பிலோ, ஷாக் அப்சார்பர் பொருத்தத்திலோ மூன்றாம் தரத் துரு காணப்பட்டால், அவ்வண்டி எவ்வளவு மலிவாயினும் குடும்பத்திற்கு உரியதன்று.

விற்பனைக்குச் சில நாட்கள் முன்பு அடிப்பாகம் முழுதும் கறுப்புத் தார்ப் பூச்சு பூசப்பட்டிருந்தால் அது பாதுகாப்புக்காகவும் இருக்கலாம்; மறைப்பதற்காகவும் இருக்கலாம். அத்தகைய வண்டியில் தட்டிப் பார்க்கும் சோதனையைக் கூடுதலான இடங்களில் செய்தல் வேண்டும்.

மேற்புறத்தில் துருத் துளையைப் பட்டி பூசி மூடிப் பெயிண்ட் அடிப்பதும் உண்டு. மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைத் தகட்டின்மீது மெல்ல நகர்த்தினால், எஃகுள்ள இடத்தில் காந்தம் பற்றும். பட்டி கனமாக உள்ள இடத்தில் பற்றாது நழுவும். பிளாஸ்டிக் பம்பரிலும் அலுமினியத் தகட்டிலும் காந்தம் பற்றாது என்பதை நினைவிற் கொள்க.

மூன்றாம் வரிசை

வாங்குவோர் பலர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வர். மூன்று வரிசை வண்டியின் உண்மை நிலையோ பின் வரிசையில்தான் தெரியும்.

முதலாவது, வயது வந்த ஒருவர் மூன்றாம் வரிசையில் அமர்ந்து பார்த்தல் வேண்டும். முழங்கால் இடிக்கிறதா, தலை கூரையில் படுகிறதா என்பதோடு, இரண்டாம் வரிசை இருக்கையை மடித்து முதியவர் ஏறி இறங்க இயலுமா என்பதையும் பார்க்க வேண்டும். ஒவ்வோர் இருக்கைக்கும் பட்டி உள்ளதா, இழுத்தால் பூட்டிக்கொள்கிறதா என்று சோதிக்க வேண்டும். சில பழைய வண்டிகளில் பின்னிருக்கைகள் பக்கவாட்டில் ஒன்றையொன்று நோக்கி அமைந்திருக்கும். மோதலின்போது அவ்விருக்கையில் இருப்பவர் முன்னோக்கி வீசப்படுவர். குழந்தைகளை அங்கு அமர்த்துதல் தகாது.

இரண்டாவது, குளிர்ச்சாதனம். வெயிலில் அரை மணி நேரம் நிறுத்திய பின் இயக்கி, சாதாரண வெப்பமானி ஒன்றை மூன்றாம் வரிசைக் காற்றுத் துவாரத்தின் அருகே பிடித்துப் பார்க்கலாம். முன்வரிசையில் குளிர்ந்து, பின்வரிசையில் குளிராவிட்டால் பின்புற விசிறியோ குழாய்களோ பழுதாகியிருக்கக் கூடும்.

மூன்றாவது, தரை. பின்புறக் கம்பளத்தைத் தூக்கி அடித்தகட்டைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். டிக்கிக் கதவின் ரப்பர் தேய்ந்திருந்தால் மழைநீர் உட்புகுந்து கம்பளத்தின் அடியில் தங்கும். மேலே உலர்ந்தும் அடியில் ஈரமாயும் இருக்கும் அத்தரை உள்ளிருந்தே அழியும்.

நான்காவது, ஸ்டெப்னி. மூன்றாம் வரிசைக்கு இடம் விடுவதற்காக, எர்டிகா, இன்னோவா போன்ற வண்டிகளில் ஸ்டெப்னிச் சக்கரம் டிக்கியினுள் இராமல் வண்டியின் அடியில் தொங்கவிடப்பட்டிருக்கும். பின் சக்கரங்கள் வாரி இறைக்கும் நீரும் சேறும் நேரே அதன்மீது படுகின்றன. அதைத் தாங்கும் சங்கிலி துருவேறி இறுகிவிட்டால், காட்டுச் சாலையில் டயர் பஞ்சரான வேளையில் ஸ்டெப்னி இருந்தும் பயனில்லை. ஆகவே வாங்குமுன் விற்பவர் எதிரிலேயே அதை முழுதும் இறக்கி ஏற்றிப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, பாரம். ஒருவர்க்கு 65 கிலோ என்று கொண்டால் எழுவர் எடை 455 கிலோ. சுமார் 1,200 கிலோ எடையுள்ள வண்டிக்கு இது மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். ஒருவர் மட்டும் ஏறி ஓட்டிப் பார்த்த வண்டி எழுவருடன் எவ்வாறு ஏறும், எவ்வாறு நிற்கும் என்பதைக் காட்டாது. இயன்றால் குடும்பத்தாரையும் ஏற்றிக்கொண்டு, நகரின் மேட்டுச் சாலை ஒன்றில் ஏறி இறங்கிப் பார்ப்பது நன்று. பின்புறம் மிகவும் தாழ்ந்தாலோ, பள்ளத்தில் அடி தட்டினாலோ ஸ்பிரிங்குகள் தளர்ந்துவிட்டன என அறியலாம்.

வெள்ளம் புகுந்த வண்டி

சென்னையிலிருந்து கப்பலில் வந்து ஹேடோ துறையில் இறங்கும் பழைய வண்டிகளுக்குத் தனியாக ஒரு சோதனை உண்டு. 2015 டிசம்பரில் பெய்த பெருமழையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எண்ணற்ற வண்டிகள் நீரில் மூழ்கின. அத்தகைய வண்டி துடைத்துத் துலக்கப்பட்டு வேறோர் ஊரில் விலைபோகக் கூடும்.

இருக்கைப் பட்டியை இறுதி வரை இழுத்துப் பார்த்தால், எப்போதும் சுருண்டே இருக்கும் பகுதியில் சேற்றுக் கறை தென்படலாம். இருக்கைகளைத் தரையுடன் பிணைக்கும் ஆணிகளில் துரு, விளக்குக் கண்ணாடியின் உட்புறம் நீர்க்கோடு, டிக்கியின் மூலையில் வண்டல், மூடிய வண்டியில் பூஞ்சை நாற்றம் ஆகியவையும் சான்றுகளே. நீரில் மூழ்கிய வண்டியின் மின்கம்பி இணைப்புகள் உடனே கெடுவதில்லை. பச்சை படிந்து மாதங்கள் கழித்தே ஒவ்வொன்றாகக் கெடும். மோதலில் விரியும் காற்றுப் பைகளின் இணைப்புகளும் இருக்கைகளின் அடியில் இருப்பதால் இக்குறை உயிரைப் பற்றியதுமாகும்.

குறைவாக ஓடிய வண்டி

தெற்கு அந்தமானில் தொலைவுகள் சிறியவை. நகரிலிருந்து சிடியா டாப்புக்கும் வண்டூருக்கும் செல்வதே இங்கு நெடும்பயணம். எனவே ஏழெட்டு ஆண்டு வண்டியும் சில ஆயிரம் கிலோமீட்டரே ஓடியிருக்கலாம். அதனை ஒரு சிறப்பாகக் கருதி அதிக விலை தருவது முறையன்று.

நின்றுகொண்டே இருக்கும் வண்டியில் பிரேக் தட்டுகள் துருவேறும், பாட்டரி தளரும், ரப்பர் வெடிக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 3519 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 35-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் வயது முதிர்ந்த டயர் நம்பத்தக்கதன்று. பிரேக் எண்ணெயும் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. நான்காம் தரப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியசிலும், ஈரம் கலந்தபின் 155 டிகிரி அளவிலும் கொதிக்கத் தக்கது. நெடிய இறக்கத்தில் அது கொதித்தால் பிரேக் மிதி பயனற்றுத் தாழ்ந்துவிடும். ஆகவே தூரம் எவ்வளவாயினும் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றுதல் வேண்டும். மாற்றிய குறிப்பு பராமரிப்புப் புத்தகத்தில் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை ஆறு விதியின்கீழ் வெளிவந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அதில் சேர்ந்த கரி எரிந்து நீங்குவதற்கு, வண்டி தொடர்ந்து சில நிமிடங்கள் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். சந்தைக்கும் பள்ளிக்கும் மட்டுமே சென்றுவந்த வண்டியில் அவ்வடிகட்டி அடைபட்டுப் போவது இயல்பு. மாற்றுவதற்கோ பெருஞ்செலவாகும். சிறு தூரமே செல்லும் குடும்பத்திற்குப் பெட்ரோல் வண்டியே ஏற்றது.

இயந்திரம்

இயந்திரத்தைப் பற்றி அறிந்த மெக்கானிக் எல்லா ஊரிலும் உண்டாதலால் இங்குச் சுருக்கமாகக் கூறுவது போதும். வாங்குவோர் வருமுன்பே இயந்திரம் சூடேற்றப்பட்டிருத்தல் கூடாது. குளிர்ந்த நிலையில் முதன்முறை இயக்கும்போதே குறைகள் வெளிப்படும். நீலப் புகை எண்ணெய் எரிவதையும், நீங்காத வெண்புகை குளிர்விக்கும் நீர் உட்புகுவதையும், கரும்புகை எரிபொருள் மிகுதியையும் காட்டும். இயந்திரம் பழுதானாலும் மாற்றத்தக்க உறுப்பே, உடற்கூடு அத்தகையதன்று.

ஆவணங்கள்

பதிவுச் சான்றிலுள்ள சேஸிஸ் எண்ணையும் இயந்திர எண்ணையும் வண்டியில் பொறித்துள்ள எண்களுடன் ஒப்பிட வேண்டும். பொறித்த இடம் துருவால் அழிந்திருந்தால் பெயர் மாற்றம் தடைப்படலாம். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர்ப் புதுப்பித்தல் வேண்டும். பெயர் மாற்றத்திற்கு 29, 30-ஆம் எண் படிவங்களும், வேறு மாநிலத்தில் பதிவான வண்டிக்கு 28-ஆம் எண் படிவத்தில் ஆட்சேபணை இன்மைச் சான்றும் தேவை. வண்டி கடன் பேரில் வாங்கப்பட்டிருந்தால் 35-ஆம் எண் படிவத்தில் கடன் தீர்ந்ததற்கான ஒப்புதல் வேண்டும். வேறு மாநிலப் பதிவெண்ணுடன் 12 மாதங்களுக்கு மேல் ஒரு வண்டியை இங்கு வைத்திருந்தால் புதிய பதிவெண் பெறுதல் மோட்டார் வண்டிச் சட்டத்தின்படி அவசியம்.

இரண்டு வண்டிகளின் கணக்கு

உதாரணத்திற்கு, கற்பனையான இரு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது ஏழாண்டு வயதுடையது. 28,000 கிலோமீட்டர் ஓடியது. கடலோர வீட்டின் முன் திறந்த வெளியிலேயே நின்றது. பெட்டி விளிம்பில் இரண்டாம் தரத் துரு. விலை 5,50,000 ரூபாய்; தகட்டு வேலைக்கு 1,40,000 ரூபாய். உடற்கூடு இன்னும் மூன்றாண்டு தாங்கும் என்பது மெக்கானிக்கின் மதிப்பீடு. இரண்டாவது பத்தாண்டு வயதுடையது. 90,000 கிலோமீட்டர் ஓடியது. உள்நாட்டு ஊர் ஒன்றிலிருந்து சென்ற ஆண்டு வந்தது. அடிப்பாகத்தில் முதல் தரத் துரு மட்டுமே. விலை 4,20,000 ரூபாய். கிளட்ச், டயர், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றிற்கு 1,05,000 ரூபாய். பதிவுக்காலம் முடியும் வரை ஐந்தாண்டு ஓடும்.

முதல் வண்டிக்கு மொத்தச் செலவு 6,90,000 ரூபாய். மூன்றால் வகுத்தால் ஆண்டிற்கு 2,30,000 ரூபாய். இரண்டாவதற்கு மொத்தம் 5,25,000 ரூபாய். ஐந்தால் வகுத்தால் ஆண்டிற்கு 1,05,000 ரூபாய். வயதிலும் தூரத்திலும் மூத்த வண்டியே பாதிக்கும் குறைந்த செலவுடையது. உறுப்புகள் பல கப்பலில் வரவேண்டியிருப்பதால், வண்டி பட்டறையில் காத்துக்கிடக்கும் நாட்களையும் தீவில் வாழ்வோர் கணக்கில் சேர்த்துக்கொள்வது நலம்.

வாங்கிய பின்

இரண்டாம் வண்டியும் தீவில் இறங்கிய நாள்தொட்டு உப்பின் வசமாகிவிடுகிறது. படகில் கடந்த நாட்களிலும் கடலோரம் சென்ற நாட்களிலும் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுதல், வடிகால் துளைகளைத் திறந்து வைத்தல், கீறலைக் கண்டவுடன் பெயிண்ட் தொட்டு மூடுதல், ஆண்டுக்கு ஒருமுறை பெட்டி அறைகளினுள் மெழுகெண்ணெய் பாய்ச்சுதல் ஆகிய நான்கும் போதும். ஈர வண்டியைத் துணி உறையால் இறுக மூடி வைப்பது தீங்கு. ஈரம் உள்ளேயே தங்கிவிடும். கூரையுண்டு, சுவரில்லாத கொட்டகையே வண்டிக்கு ஏற்ற நிழல்.

எழுவர் அமரும் வண்டி, எழுவர் உயிரையும் ஒரு குடும்பத்தின் சேமிப்பையும் தாங்கிச் செல்கிறது. அதனை வாங்குமுன் ஒரு மணி நேரம் அதன் அடியில் செலவிடுவது வீணன்று.

மாணவர்க்கான வினாக்கள்

1. மழை பெய்யாத நாளிலும் அந்தமானில் வண்டி துருப்பிடிப்பதேன்?

2. எவான்ஸ் துளிச் சோதனையில் நீல நிறம் துளியின் நடுவில் தோன்றுவதற்குக் காரணம் யாது? வண்டியின் எவ்வெவ்விடங்கள் அந்நடுப்பகுதிக்கு ஒப்பானவை?

3. 800 மைக்ரான் கனமுள்ள பூச்சில்லாத தகடு, இரு புறமும் ஆண்டிற்கு 80 மைக்ரான் வீதம் தேய்ந்தால், எத்தனை ஆண்டுகளில் பாதிக் கனமாகும்?

4. உங்கள் பள்ளியின் வாயிற்கதவு, சன்னல் கம்பி, மணி ஆகியவற்றில் காணும் துருவை மூன்று தரமாகப் பிரித்து எழுதுக.